பதில்: சங்கப் பணத்தில் அரைவை மில் வாங்கித் தருவது பற்றி

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் மாமா எழுதிய மடலைப் படித்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சங்கத்தின் இருப்பிலிருந்து ஒரு மிளகாய் அரைவை மில் வாங்கி ஊருக்குக் கொடுப்போம், திறப்பு விழாவைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம் என்கிறார். அதற்குள் பத்துப் பேர் சம்மதம் என்று எழுதிவிட்டீர்கள். மாமாவின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்த யோசனைக்கு என் வாக்கு கிடையாது. ஏன் என்று சொல்ல மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? இந்த விடுப்பில் போய் எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஓடுகின்றன. மூன்றின் மேல் தொலைக்காட்சிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மற்றவை எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள். வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தைக்கத் துணி கொண்டுவருவது யார், கூலி எவ்வளவு என்று நாம் கேட்கவே இல்லை. மாலையும் புகைப்படமும் போதும் என்றிருந்துவிட்டோம்.

'விவசாயிக்கு ஒரு கைத்தொழில் வேண்டும்' என்று நம் மடல்களில் எல்லோரும் எழுதுகிறோம். விவசாயக் குடும்பம் எதில் சம்பாதிக்கிறது என்று மத்திய அரசின் மாதிரி ஆய்வு 2018-19-ல் கணக்கெடுத்தது. அகில இந்திய சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளம் 4,063. பயிர் 3,798. ஆடு மாடு 1,582. நிலக் குத்தகை 134. சொந்தத் தொழில், வியாபாரம் என்று வருவது வெறும் 641. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2012-13 கணக்கில், பயிர் 3,081, கூலி 2,071 என்று பயிர்தான் முன்னால் இருந்தது. இடையில் கூலி பயிரைத் தாண்டிவிட்டது. நாம் விவசாயி என்று அழைப்பவர் ஏற்கெனவே நான்கு வேலை பார்க்கிறார். யாரும் மானியம் கொடுத்து அவரை அங்கே அனுப்பவில்லை, மழை பொய்த்து அனுப்பியது. நம் கரிசல் பக்கத்தில் இதற்கு ஆய்வே தேவையில்லை, காலை பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் போதும். அரசுப் பணத்தால் ஏதாவது நடக்கவேண்டும் என்றால், அந்த 641 ரூபாய்க் கட்டத்தில்தான் நடக்கவேண்டும்.

இனி மதினி கதை. என் அண்ணன் மனைவியைப் பலருக்கும் தெரியும். இரண்டு ஏக்கர் மானாவாரியில் முண்டு மிளகாய், அதாவது நம் பக்கத்துக் குண்டு மிளகாய். 2023-ல் ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு (இந்த ஊர்ச் சரக்கு என்ற சட்டப் பதிவு) கிடைத்தபோது இந்த மடல் குழுவில் பட்டாசு வெடிக்காத குறை. குறியீடு வந்த பிறகும் மாசி, பங்குனியில் எல்லார் களத்திலும் வற்றல் காயும்போது கமிஷன் கடைக்காரர் சொல்வதுதான் விலை. வற்றலாக விற்காமல் பொடியாக்கி விற்கலாமே என்று மதினியும் அவருடைய மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் இன்னும் நான்கு பெண்களும் யோசித்தார்கள். நான் விடுப்பில் இருந்த 45 நாளும் அவர்களுக்கு டிரைவர், எழுத்தர், வழித்துணை எல்லாம் நானே.

அவர்களுக்குப் பொருந்திய திட்டம், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கியது (ஆங்கிலத்தில் சுருக்கமாக PMFME). செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. ஐந்தாண்டுத் திட்டம் என்று ஆரம்பித்துப் பிறகு நீட்டித்தார்கள். எனவே விண்ணப்பிக்கிற அன்று திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், ஒரு தொழிலுக்கு உச்சவரம்பு 10 லட்சம். குறைந்தது 10 சதவீதம் நாம் போடவேண்டும். மீதியை வங்கி கடனாகக் கொடுக்கவேண்டும்.

இங்கேதான் ஊரில் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நம் குழுவிலும்தான். மானியம் கையில் வராது. மதினியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்வரைசர் என்ற பொடி அரைக்கும் எந்திரம், வறுக்கும் எந்திரம், பொட்டலம் ஒட்டும் கருவி, கொட்டகை வேலை எல்லாம் சேர்த்து 6 லட்சம். சொந்தப் பங்கு 60,000. வங்கிக் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். மானியமான 2 லட்சத்து 10 ஆயிரம் வங்கிக்கு வந்து, கடன் கணக்குக்குப் பக்கத்திலேயே மூன்றாண்டு பூட்டிவைக்கப்படும். அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. மூன்றாண்டு தவணை தவறாமல் கட்டி, தொழிலும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் படுத்துவிட்டால் மானியம் போய்விடும், கடன் மட்டும் நிற்கும். காதி ஆணையம் நடத்தும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்திலும் இதே பூட்டு உண்டு. முதலில் கேட்டபோது இது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஆட்டுக் கொட்டகை கட்டி, மானியம் வந்த மறு மாதம் ஆட்டை விற்ற எங்கள் சித்தப்பாவை நினைத்த பிறகு, பூட்டுப் போட்டவரை மனதுக்குள் பாராட்டினேன். அந்தக் கொட்டகையில் இப்போது பந்தல் சாமான் அடுக்கியிருக்கிறது.

ஆக, மாமா சொல்கிற மில்லுக்குப் பணம் தர அரசு இருக்கிறது, வங்கி இருக்கிறது. மதினி மாட்டிக்கொண்ட இடங்கள் வேறு.

முதலில் அந்த 60,000. இது நமக்கு ஒரு விமான டிக்கெட்டோடு ஒட்டிய தொகை. அவருக்குக் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்கிற தொகை.

அடுத்து வங்கி. எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை, அங்கே இன்னும் நமக்கு வேலை இருக்கிறது. முதல் நாளே தோட்டத்துப் பத்திரத்தைக் கேட்டார்கள். சிறுதொழிலுக்கு இந்த அளவுக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துச் சொன்னதும் பத்திரப் பேச்சு நின்றது, சிபில் பேச்சு வந்தது, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்ற பதிவு. அண்ணன் எப்போதோ ஒரு நண்பரின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நண்பர் கட்டவில்லை. அந்தக் கறை வீட்டுப் படி ஏறி மதினியின் விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்தது. மதினி பெயரில் தனியாகத் தொழில் பதிவு, தனிக் கணக்கு என்று பிரித்துக் காட்ட மூன்று வாரம் ஆனது. இடையில் மேலாளர் மாறுதலாகிப் போனார். புதியவரிடம் முதலிலிருந்து சொன்னோம்.

இந்தத் திட்டத்தில் விண்ணப்பம் எழுத, திட்ட அறிக்கை தயாரிக்க மாவட்ட வள நபர் என்று ஒருவர் உண்டு. அவருக்கான ஊதியத்தைத் திட்டமே கொடுக்கிறது, விண்ணப்பதாரர் ஒன்றும் தரவேண்டியதில்லை. இது தெரியாமல் இணைய சேவை மையத்தில் அறிக்கைக்கென்று மதினி முன்பே 4,000 கொடுத்திருந்தார். அந்த அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கத்தில் மிளகாய்ப் பொடி, ஏழாம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய்.

பிறகு மின்சாரம். பல்வரைசருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். தோட்டத்துப் பம்புசெட்டுக்குத்தான் மும்முனை இருக்கிறதே, அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் மிக இயல்பாகச் சொன்னார். விவசாய இணைப்பு இலவசம், பாசனத்துக்கு மட்டும். அதில் மில் ஓட்டினால் அபராதம் வரும், இணைப்பும் போகும். தனி இணைப்புக்கு விண்ணப்பம், வைப்புத் தொகை, கம்பம் எத்தனை தூரம் என்ற அளவு. மாமா வாங்கித் தரும் மில்லையும் இந்தக் கம்பத்தில்தான் கட்டவேண்டும். அதைப் பற்றி அவர் மடலில் ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் தாண்டினாலும் எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது: வற்றல் வாங்கிப் போடக் கையில் காசு. பங்குனியில் விலை இறங்கும்போது வாங்கி வைத்தால்தான் ஆவணி, புரட்டாசியில் அரைத்து விற்க முடியும். ஊரில் எல்லோரும் பணத்துக்குத் தவிக்கும் அதே மாதத்தில் இவர்களுக்கும் முதலீடு தேவைப்படுகிறது. வங்கி எந்திரத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்கித் தயங்கியாவது கொடுக்கும், சரக்குக்கு என்றால் முகம் மாறிவிடும். இதே திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உணவு பதப்படுத்தும் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி, நடைமுறைச் செலவுக்கும் சின்னக் கருவிகளுக்கும். குழுக் கூட்டமைப்பு வழியாகக் கடன்போல வந்து, திரும்பச் சுழலும். ஐந்து பெண்களுக்கு 2 லட்சம். மதினியின் குழுவில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டபோது படிவம் எடுத்துக் கொடுத்தார்கள், கேட்காதவரை யாரும் கொடுக்கவில்லை.

வற்றலின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் மண் களத்தில் காயவைத்தே வளர்ந்தவர்கள். ஈரம் முழுதும் போகாத வற்றலில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும், வெளிநாட்டுத் துறைமுகங்களில் இந்திய மிளகாய் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தார்ப்பாயோ சோலார் உலர்த்தியோ இல்லாமல் 'ஏற்றுமதி' என்று நம் குழுவில் யாரும் எழுதவேண்டாம். நாம் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்குவது பாசம், அதை வைத்துத் தவணை கட்ட முடியாது.

மற்றவர்கள் கேட்டிருந்தவற்றுக்குச் சுருக்கமாக. இந்தத் திட்டங்களும் இப்போது நடப்பில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு வளர்ப்பு பற்றிக் கேட்ட மலேசியத் தம்பிக்கு: தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் உண்டு, ஆனால் 100 பெட்டை, 5 கிடாவில்தான் கணக்கே தொடங்குகிறது. நம் தெருவில் அத்தனை ஆட்டுக்கு மேய்ச்சல் எங்கே? பத்து ஆடு வைத்திருப்பவருக்கு கால்நடைக்கான கிசான் கடன் அட்டை போதும், ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதத்தில் நிற்கும். கருவேலங்காட்டில் சோலார் போடலாமா என்ற துபாய் மச்சானுக்கு: தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை அமைக்க பிரதமரின் குசும் திட்டம் இருக்கிறது. துணைமின் நிலையம் 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், நீங்கள் மூன்று பங்காளிகள். பயிற்சி பற்றிக் கேட்ட தங்கைக்கு: மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் உணவு, தங்கும் இடத்தோடு பயிற்சி இலவசம்.

சரி, சங்கப் பணம். இதில் ஒரு முள் இருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறியவர்கள் நிலை வேறு. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டு மூலம்தான், அனுமதிப் பதிவு இல்லாத அமைப்பு அவர்கள் பணத்தை வாங்கக் கூடாது. சொந்தக்காரருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பத் தடை இல்லை. நம் பொது இருப்பில் இரண்டு வகைப் பணமும் கலந்து கிடக்கிறது. அதை அப்படியே ஊர்க் குழுவுக்கு அனுப்பினால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட மதினிமார்தான். பொருளாளர் அண்ணன் முதலில் இந்தக் கணக்கைப் பிரிக்கவேண்டும், ஊரில் உள்ள ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது.

என் யோசனை இவ்வளவுதான். மில் வேண்டாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களின் பங்கை மட்டும் பிரித்து, சொந்தப் பங்குத் தொகைக்கும் பங்குனிச் சரக்குக்கும் வட்டியில்லாக் கைமாற்றாகத் தருவோம். கடன் அனுமதிக் கடிதம் வந்த பிறகே கொடுப்பது, இரண்டு ஆண்டில் திரும்ப வாங்குவது. எப்படித் தருவது என்று ஆடிட்டர் சொல்லட்டும். குடியுரிமை மாறியவர்கள் நேரத்தைத் தரலாம். திட்ட அறிக்கையைப் படித்துப் பார்க்க, வங்கிக்குக் கடிதம் எழுத, விலைப்புள்ளி ஒப்பிட ஆள் தேவை. மாமா முப்பது வருடம் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். மூன்று கடைகளின் பல்வரைசர் விலைப்புள்ளியை இத்துடன் இணைத்திருக்கிறேன். எதில் ஏமாற்று இருக்கிறது என்று அவர் பார்த்துச் சொன்னால் அதுவே எனக்குத் திறப்பு விழா.

மதினியின் கடன் இப்போது அனுமதியாகியிருக்கிறது, பணம் இறங்கவில்லை. மின் இணைப்புக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள், இரண்டு கம்பம் நடவேண்டுமாம்.

ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம். ஊரில் இரவு 7.30, குவைத்தில் மாலை 5, சிங்கப்பூரில் இரவு 10. மாமா தூங்கிவிடவேண்டாம்.

அன்புடன்,
மேலத்தெரு கணக்குப்பிள்ளை வீட்டு இளையவன்,
குவைத்