கலைச்சொல் வேண்டுகோள்: 'ஸ்கோர்' என்பதற்கு என்ன சொல்?

அரூரிலிருந்து இசையாசிரியர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். நோட்ஃபிளைட், ஃபிளாட் போன்ற செயலிகளில் மேலைநாட்டு இசைக்குறிப்பை உலாவியிலேயே திறந்து பார்க்கவும், திருத்தவும், ஒலிக்கச் செய்து கேட்கவும் தருமபுரி மாவட்டப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'நொட்டேஷன்', 'ஸ்கோர்' இரண்டுக்கும் 'சுரக்குறிப்பு' என்றே எழுதிவிட்டேன். முன்னது எழுதும் முறை, பின்னது அம்முறையில் எழுதப்பட்ட ஆவணம். 'புதிய சுரக்குறிப்பைத் தொடங்கு' என்று படிக்கும் மாணவன், புதிதாக ஒரு குறியீட்டு முறையையே உருவாக்கச் சொல்வதாக எண்ணக்கூடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தமிழாசிரியை:

ஐயா, 'சுரம்' வடசொல் என்பது ஒருபுறமிருக்க, தமிழில் அது பாலைவழியையும் காய்ச்சலையும் குறிக்கும். தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா, இசையில் எழுத்துகள் தம் மாத்திரையைக் கடந்து நீள்வதைச் சொல்லி, அதனை 'நரம்பின் மறை'க்கு, அதாவது இசைநூலுக்கு, உரியதாக்குகிறது. நீங்கள் தேடுவதும் ஒலியின் நீட்டத்தை எழுத்தில் காட்டும் ஆவணம்தானே? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு இசையொலிகளையும் நரம்பு என்றே வழங்கிய மரபும் நமக்கு உண்டு. ஆகவே ஆவணம் 'நரம்பேடு', செயலி 'நரம்புத் திருத்தி' என்பது என் பரிந்துரை.

ஓசூரிலிருந்து மென்பொருளாளர்:

அம்மா, காய்ச்சலுக்கு அஞ்சி நரம்பு மருத்துவரிடம் போய்விட்டோம். 'சுரம்' வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் காரணம் வேறு. நம் இசையில் முதற்சுரமான ச பாடுவோரின் சுருதிக்கேற்ப இடம் மாறும், மேலைநாட்டு ஐந்துகோட்டுக் குறிப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய ஒலி நிலையானது. இச்செயலிகள் இசைக்குறிப்பைப் பரிமாறிக்கொள்ள உதவும், 2004இல் முதற்பதிப்பு வெளிவந்த மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பும் ஒலியின் பெயர், எண்மம் (எந்த ஸ்தாயி என்பது), கால அளவு ஆகியவற்றைத்தான் எழுதி வைக்கிறது. ஐந்து கட்டையில், அதாவது மேலைநாட்டு 'ஜி'யைச் ச-வாகக் கொண்டு, பாடும் சிறுமி, ச என்றால் 'சி' என்று கொண்டு பதிந்தால், கருவி ஒரு கட்டையில், அதாவது 'சி'யில், ஒலிக்கும், அவளும் தன் குரல்தான் பிழை என்று நினைப்பாள். எனவே ஆவணத்துக்கு 'இசைவரைவு', முறைக்கு 'இசைக்குறியீடு' என்று வைக்கலாம். 'எடிட்' என்பதற்குத் 'தொகு' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். பதிவான ஒலியை வெட்டி ஒட்டுவதற்கு அச்சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. இங்கே நாம் மாற்றுவது குறிகளை மட்டுமே, அவற்றைக் கொண்டு கருவி மீண்டும் ஒலியை எழுப்புகிறது. ஆகவே 'திருத்து' போதும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து நாகசுரக் கலைஞர்:

'நரம்பேடு' என்றால் ஏதோ மாத இதழ் போலிருக்கிறது. என் கவலை 'பிளே' பொத்தானைப் பற்றியது. சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கென, அதாவது சுரங்களை அசைத்து இசைக்கும் முறைகளுக்கென, தனிக் குறிகளை வகுத்தார். இச்செயலிகளில் தோடி இராகத்தின் காந்தார சுரத்தை ஒற்றைக் குறியாகப் பதிந்தால் அசைவில்லாத மொட்டை ஒலிதான் வரும். அதற்கு 'இசை' என்று பொத்தானிட மனம் வரவில்லை. 'ஒலி' என்றே இருக்கட்டும். சுரம் என்ற சொல்லுக்கு இத்தனை தீட்டு எதற்கு? 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், தமிழிசைக்காகவே வாதாடியவர், அச்சொல்லை ஒதுக்கவில்லையே.

அரூரிலிருந்து இசையாசிரியர்:

பெரும்பாலோர் மறுக்காததாலும், அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டதாலும், 'இசைவரைவு', 'இசைக்குறியீடு', 'திருத்து', 'ஒலி' என்றே கொள்கிறேன். திரையில் ஆங்கிலப் பெயரே தெரியும் என்பதால் சொல் முதன்முறை வரும் இடத்தில் 'ஸ்கோர்' என்பதையும் சேர்த்து எழுதுவேன். சுருதி பற்றிய எச்சரிக்கை தனிப் பத்தியாக இடம்பெறும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தமிழாசிரியை:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'வரைவு' என்பது இன்று முடிவுறாத சட்ட முன்வடிவையும், அகத்திணையில் திருமணத்தையும் குறிக்கும். எழுதி முடித்த இசையை முடியாதது என்றோ மணமேடை என்றோ மாணவர் கொள்வதைவிட 'நரம்பேடு' எவ்வளவோ மேல் என்னும் என் மறுப்பைக் குழுமப் பதிவில் வைத்திருங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.