தெளிப்புப் பூச்சில் ஊசித்துளைகள்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திட ஆக்சைடு எரிபொருள் கலத்துக்காக (எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் தரும் பீங்கான் கலம்), முன்சுட்ட ஆனோடு (எரிபொருள் பக்க மின்முனை) வில்லைகள் மீது, மின்பகுபொருள் அடுக்காக 8 மோல் சதவீத இட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற பீங்கானை மீயொலி நாசிலால் தெளிக்கிறேன். தூளை எத்தனாலில் கலக்கி, பிணைப்பானாகப் பாலிவினைல் பியூட்டிரால் சேர்க்கிறேன். தேவை 10 மைக்ரான் தடிமனுள்ள, வாயு புகாத படலம். ஆனால் 1400 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்ததும் ஊசித்துளைகள் தெரிகின்றன. 800 டிகிரியில், 3 சதவீத நீராவி கலந்த ஹைட்ரஜனில், திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்சுமை இணைக்காதபோது அளப்பது) 1.1 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்; எனக்கு 0.9-ஐத் தாண்டவில்லை. வாயு கசிகிறது.

துளிகள் வில்லையைத் தொடுமுன்பே உலர்ந்து பொடியாகப் படிகின்றன என்பது என் சந்தேகம். மெதுவாக ஆவியாகும் டெர்பினியால் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? எந்த விகிதத்தில்? தெளிக்கும்போது வில்லையை எவ்வளவு சூடாக வைக்கிறீர்கள்? ஆனோடை முன்சுடும் வெப்பநிலையையும் சொல்லுங்கள். சுடும்போது ஆனோடும் படலமும் ஒத்துச் சுருங்காவிட்டால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. கைத்தெளிப்பானில் செய்தவர்களின் அனுபவமும் எனக்கு உதவும்.