புதுப்பிப்பு: ஆங்கில இறந்தகாலம் பிடிபட்டது

ஆங்கிலத்தில் ‘ஹேட்’ (had) எங்கே போடுவது, சுற்றிப்பார்த்த இடத்தை எப்படிச் சொல்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஊர்க் கோட்டையின் கதையைச் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொன்ன அக்காவின் யோசனை. வினைச்சொல் அட்டவணையைப் பாடமாக்கியது மனதில் நிற்கவில்லை.

மட்டக்களப்புக் கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள்: ‘கேப்சர்ட்’. போர்த்துக்கேயர் அதை 1628 இலேயே கட்டத் தொடங்கியிருந்தார்கள்: ‘ஹேட் ஸ்டார்ட்டட்’. இரண்டில் முந்தி நடந்ததற்குத்தான் ‘ஹேட்’. ஆண்டுகளை வரிசையாக வைத்துச் சொன்னதும் தெளிந்தது. லகூன் (களப்பு), கேனன் (பீரங்கி), ரம்பார்ட் (கோட்டை மதில்) என்ற சொற்கள் எல்லாம் நேரில் பார்த்ததால் அப்படியே பதிந்தன.

எதிர்பாராதது ஒன்று: ‘நேற்றுப் போனேன்’ என்பதற்கு ‘ஹேவ் விசிட்டட்’ (have visited) என்றே வாயில் வந்தது. நேற்று, போன கிழமை என்று முடிந்த நேரத்தைச் சொன்னால் ‘ஹேவ்’ வராது, வெறும் ‘விசிட்டட்’ தான்.