அமெரிக்கன் சைக்கோ: கொலைகள் நடந்தனவா, இல்லையா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: மேரி ஹாரன் இயக்கி 2000இல் வெளிவந்த இந்தப் படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். சக ஊழியனான பால் ஆலனைக் கொன்றுவிட்டதாகக் கதாநாயகன் பேட்மேன் என்ற வங்கியாளன் தன் வழக்கறிஞரிடம் ஒப்புக்கொள்ளும்போது, பத்து நாள்களுக்கு முன்புதான் ஆலனோடு லண்டனில் இரண்டு முறை சாப்பிட்டதாக அவர் சொல்லிவிடுகிறார். அப்படியானால் நாம் பார்த்ததெல்லாம் ஒருவனுடைய பகற்கனவுதான். கனவில் விழுந்த பிணத்துக்கு எந்தச் சமூகத்தைக் கூண்டில் ஏற்றுவது? படத்தின் சமூக அங்கதம் அங்கேயே நீர்த்துப் போகிறது.

ஏற்காட்டு வாசகி: ஐயா, அந்த வழக்கறிஞர் எதிரில் நிற்கும் பேட்மேனையே வேறொருவர் என்று எண்ணித்தான் பேசுகிறார். ஆலனும் சாகும்வரை அவனை ஹால்பர்ஸ்ட்ராம் என்ற இன்னொரு சக ஊழியன் என்றே நினைத்திருந்தான். ஒரே தையல் கோட்டும் ஒரே படிய வாரிய தலையுமாகத் திரிகிறவர்களில் ஒருவர் சொல்லும் ஆள் அடையாளத்தை எப்படி நம்புவது?

வீட்டுத் தரகர் வரும் காட்சியைப் பாருங்கள். பிணங்களை விட்டுவந்த ஆலனின் வீட்டுக்கு பேட்மேன் திரும்பிப் போகும்போது, அது வெள்ளையடித்து விற்பனைக்குத் தயாராக நிற்கிறது. டைம்ஸ் நாளிதழ் விளம்பரம் பார்த்து வந்தீர்களா என்று அந்தப் பெண் கேட்கிறார். அவன் ஆம் என்றதும், டைம்ஸில் விளம்பரமே வரவில்லை என்று சொல்லி, தகராறு செய்யாமல் போய்விடும்படி கேட்டுக்கொள்கிறார். இங்கே மலையில் பங்களாக்கள் கைமாறுவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். துர்மரணம் நடந்த வீட்டுக்கு விலை படியாது என்பதால் முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள், பிறகுதான் ஆள் கூட்டிவருவார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: வெள்ளியை உரைத்துப் பார்க்காமல் தரம் சொல்லும் பழக்கம் எங்கள் பேட்டையில் இல்லை, அம்மா. பணம் எடுக்கும் இயந்திரம் தெருப்பூனையைத் தனக்கு ஊட்டச் சொல்வதும், கைத்துப்பாக்கியால் சுட்டவுடன் போலீஸ் கார் வெடிப்பதும் எந்த உலகத்தில் நடக்கும்?

ஏற்காட்டு வாசகி: அவனுக்குப் புத்தி பிசகியது உண்மைதான், அதற்காக முன்பு நடந்தவை பொய்யாகிவிடுமா? எல்லாம் கனவு என்று காட்டுவது தன் நோக்கமல்ல என்று ஹாரனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அஸ்தம்பட்டி அச்சுக்காரன்: இருவருமே விசிட்டிங் கார்டு காட்சியை விட்டுவிட்டீர்கள். காகிதத்தின் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் வியர்த்துப்போகும் அத்தனை பேரும் துணைத் தலைவர்கள். அத்தனை அட்டைகளிலும் ஒரே ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. (நான் அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் தாளை மோந்து பார்த்து மெச்சியவர்களும் முகூர்த்த நேரம் தப்பாக இருந்ததைக் கவனிக்கவில்லை.) அந்த அட்டைப் போட்டியில் தோற்ற எரிச்சலோடு போய்த்தான் பேட்மேன் சந்தில் கிடந்த வீடற்றவரைக் குத்துகிறான். அவருக்காக ஒருவரும் வரவில்லை, துப்பறிவாளர் தேடி வருவது ஆலனுக்காக மட்டுமே.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்: அந்த வீடற்றவரின் கொலை நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆலன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.