ரோலண்ட் எஃப்ஆர்-7எக்ஸ்: ரிவெர்பைக் குறைத்தும் கிணற்றுக்குள் வாசிப்பது போல் கேட்கிறது

துருத்திதாசன்:

வணக்கம். தூத்துக்குடியில் மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் கோயில் கொடை, கல்யாணங்களுக்கும் அக்கார்டியன் வாசிக்கிறேன். பழைய பெட்டியில் கடல் காற்று பட்டு ரீடெல்லாம் (சத்தம் எழுப்பும் உலோக நாக்குகள்) துருவேறிவிட்டது, டியூன் செய்ய ஆள் தேடி அலைந்து சலித்துப்போய், ஆறு மாதத்துக்கு முன்பு ஒருவரிடமிருந்து பழைய ரோலண்ட் எஃப்ஆர்-7எக்ஸ் டிஜிட்டல் அக்கார்டியன் ஒன்றை வாங்கினேன். எடை குறையும் என்று நினைத்தேன், அதில் ஏமாற்றம்தான், ஆனால் ரீடு துருப்பிடிக்காது அல்லவா.

பிரச்சினை சத்தத்தில். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அமிர்தம். மண்டபத்தில் மிக்ஸரில் போட்டால் கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல் இருக்கிறது, வேகமான பிட்டு வரும்போது ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ரிவெர்ப் (கூடத்தில் வாசிப்பது போல் எதிரொலி வால் சேர்க்கும் எஃபெக்ட்) லெவலைப் பாதியாகக் குறைத்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் மியூசெட் ரெஜிஸ்டரை (சத்தத்தின் வகையை மாற்றும் பொத்தான்) போட்டால் அலை அலையாக ஆடுகிறது, பாடகி சுருதி சேரவில்லை என்று திரும்பிப் பார்க்கிறார். சத்தத்தை ஆட்டும் கோரஸ் எஃபெக்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயும் அந்த ஆட்டம் நிற்கவே இல்லை. இதில் கொடுமை, மாற்றியதெல்லாம் மறுநாள் பெட்டியைத் திறந்தால் பழையபடி இருக்கிறது. சவுண்டுக்காரர் “டிஜிட்டல் பெட்டி என்றாலே இப்படித்தான் சார்” என்கிறார். அப்படித்தானா?

நெல்லைக் கட்டை:

அண்ணே, கோரஸைப் பூஜ்யம் ஆக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. அது எஃபெக்டே இல்லை. டபுள் ரீடு ஆர்மோனியத்தில் இரண்டு ரீடும் ஒரு நூல் விலகினால் அலை அடிக்கும் இல்லையா, அதே சமாச்சாரம்தான். மியூசெட் ரெஜிஸ்டரில் ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று ரீடு சேர்ந்து ஒலிக்கும், அவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி வைத்திருப்பார்கள். இந்தப் பெட்டி அந்த ரீடுகளின் நடத்தையைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது, ஆகவே விலகலும் சத்தத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. எஃபெக்ட் பக்கத்தில் எந்தக் குமிழைத் திருகினாலும் போகாது.

கணக்கு வேண்டுமென்றால்: 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் ஒரு ரீடு 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருந்தால் நொடிக்குச் சுமார் 5 அலை. 10 சென்ட் என்றால் இரண்டரை. அதே 20 சென்டோடு ஒரு ஸ்தாயி மேலே போனால் 10 அலை ஆகிவிடும், அதனால்தான் நல்ல டியூனர்கள் மேலே போகப்போக விலகலைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கோரஸ் எஃபெக்டின் வேலை வேறு, அது மொத்த சத்தத்தையும் ஒரே வேகத்தில் ஆட்டும். கீழ் ச, மேல் ச இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக் கேளுங்கள், இரண்டிலும் ஒரே வேகத்தில் ஆடினால் கோரஸ், மேலே போனதும் ஆட்டத்தின் வேகம் மாறினால் ரீடு. ஒரு நிமிட வேலை.

மெனுவில் மியூசெட் டீட்யூன் என்று ஒன்று இருக்கும், இந்த விலகல் எவ்வளவு என்பதை அதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ட்ரை, கிளாசிக், ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்ச், ஸ்காட்டிஷ் என்று வரிசையாக வரும். உங்களுக்கு விற்றவர் அதை பிரெஞ்சில் வைத்திருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். பாடகிக்குப் பின்னால் வாசிக்க ட்ரை அல்லது கிளாசிக் போதும்.

மறுநாள் காணாமல் போவதற்குக் காரணம், நீங்கள் ரைட் (சேமிக்கும் கட்டளை) கொடுக்கவில்லை. மாற்றியதை அந்தந்த செட்டில் (ரெஜிஸ்டர்களின் தொகுப்பு) எழுதிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். நான்கூட ஒரு முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 14 ரெஜிஸ்டரையும் செதுக்கிவிட்டு எழுதாமலே அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழாத குறை.

மிக்ஸர் மேசை:

மேலே சொன்னது சரி, நான் கிணற்றுப் பிரச்சினைக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அந்தச் சவுண்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

சார், உங்கள் சத்தத்துக்கு மூன்று பேர் ரிவெர்ப் போடுகிறார்கள். பெட்டி ஒன்று, மிக்ஸரில் எங்கள் ஆள் ஒன்று (பாடகருக்குப் போடுகிற எக்கோவை எல்லா சேனலுக்கும் தாராளமாகத் திறந்துவிடுவது எங்கள் குலவழக்கம்), மூன்றாவது மண்டபம். 30 மீட்டர் நீள மண்டபத்தில் மேடையிலிருந்து போன சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பி வர 60 மீட்டர், ஏறக்குறைய 175 மில்லிசெகண்ட். பளிங்குத் தரை, மொட்டைச் சுவர், தகரக் கூரை. ஆள் நிரம்பினால் கொஞ்சம் உறிஞ்சும், பந்திக்கு எழுந்து போய்விட்டால் பழைய கதைதான். ஹெட்போனில் இந்த மூன்றில் ஒன்றுதான் கேட்கிறது, அதனால்தான் அமிர்தம்.

லெவலைப் பாதியாக்கியும் ஏன் மாறவில்லை என்றால், நீங்கள் தொட்டது ஒரு இடம்தான். ரிவெர்ப் எந்த வகை, எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது செட்டுக்குப் பொதுவானது. ஒவ்வொரு ரெஜிஸ்டரும் அதற்குள் எவ்வளவு சத்தத்தை அனுப்புகிறது என்பது தனி, மெனுவில் ரிவெர்ப் சென்ட் (send, மேலே சொன்ன சுருதி சென்ட் இல்லை) என்று இருக்கும். வகை ஹால் என்று இருந்தால் ரூமுக்கு மாற்றுங்கள், நேரத்தைச் சுருக்குங்கள். அதைவிட முக்கியம் இடது கை. பேஸ் பக்கத்து ரிவெர்ப் சென்டை அப்படியே பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். மண்டபத்தில் கூழாவது பெரும்பாலும் கீழ் சுரங்கள்தான், வலது கையைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

இன்னொன்று, ஒரே வயரில் மோனோவாகக் கொடுக்கிறீர்களா? ஸ்டீரியோ கோரஸ் இடமும் வலமும் எதிரெதிராக ஆடும்படி அமைத்திருந்தால், மோனோவில் சேர்க்கும்போது பாதி ஒன்றையொன்று தின்றுவிடும், சத்தம் மெலிந்து மூக்கடைத்தது போல் வரும். மோனோ என்றால் கோரஸே வேண்டாம். டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் எஃபெக்ட்) வேண்டுமென்றால் தாளத்துக்கு ஒட்டிப் போடுங்கள், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்துக்கு ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட், 96-க்கு 625. கண்டபடி போட்டால் தபேலாக்காரர் முறைப்பார்.

லாசப்பல்வாசி:

நான் பாரிசில் இருக்கிறேன் தம்பி, அதனால் பிரெஞ்சு டீட்யூனுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. மியூசெட் என்பதே இங்கே ஓவேர்ன் மலைப்பக்கத்து ஆட்கள் ஊதிய துருத்திக்குழலின் பெயர். அவர்களுடைய ஆட்டக்கூடத்துக்குள் இத்தாலியர்கள் அக்கார்டியனைக் கொண்டு வர, குழல் ஒதுங்கிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இரைச்சலான கூடத்தில் ஆடுகிறவர்களின் காதுக்கு எட்ட வேண்டிய சத்தம் அது, பாட்டுக்குப் பின்னால் பதுங்குவதற்கு இல்லை. ஆகவே அதை அழித்துவிடாதேயும், வால்ஸ் தாளத்தில் ஒரு தனி பிட்டு வந்தால் அதற்கென்று ஒரு செட்டில் எழுதி வையும்.

மிக்ஸர் மேசை சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோனோவில் கோரஸ் வேண்டாம், சரி. ஆனால் எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போய் ரிவெர்ப் துளியும் இல்லாமல் விட்டால் இந்தப் பெட்டிகள் செத்த மாதிரிக் கேட்கும். நிஜப் பெட்டியில் ரீடின் சத்தம் மரத்தில் பட்டு, கிரில் வழியாக வந்து, வாசிப்பவரின் நெஞ்சில் மோதி வருகிறது. வயரில் அது இல்லை. சின்ன ரூம் ஒன்று இருக்கட்டும்.

எல்லாரும் எஃபெக்டையே பார்க்கிறீர்கள், துருத்தியை ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டைப் பெட்டியில் பழகிய கை கனக்க இழுக்கும், காற்றுக் கசிவை ஈடுகட்ட வேண்டுமே. பெல்லோஸ் கர்வ் (துருத்தியை எவ்வளவு பலமாக இழுத்தால் எவ்வளவு சத்தம் என்ற அமைப்பு) லைட்டில் இருந்தால் அந்தக் கைக்கு ஒவ்வொரு சுரமும் முழு சத்தத்தில்தான் வரும், முழு சத்தமும் ரிவெர்புக்குள் கொட்டும். கர்வை ஹெவிக்கு மாற்றிப் பாரும். மெல்ல வாசிக்கும்போது நிஜமாகவே மெல்ல வரும், வால் தானாகச் சுருங்கும். என் கைக்கு எல்லா எஃபெக்ட் மெனுவையும்விட இந்த ஒன்று அதிகம் உதவியது.

நெல்லைக் கட்டை:

கர்வை மறந்தே போனேன், அது மிகச் சரி. அண்ணே, எதைத் தொடும் முன்பும் ஒரு பென் டிரைவ் செருகி உள்ளே இருப்பதை எல்லாம் பேக்கப் எடுத்துவிடுங்கள். முந்தைய சொந்தக்காரர் எதை எதை நோண்டினார் என்று தெரியாதபோது ஃபாக்டரி ரீசெட் செய்து வெள்ளைத் தாளில் தொடங்குவதுதான் சுலபம், ஆனால் அவர் நல்ல சத்தம் ஒன்றிரண்டு செய்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

துருத்திதாசன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு நிச்சயதார்த்தம், மூன்று மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ச, மேல் ச சோதனையில் மேலே போனதும் ஆட்டம் வேகமாகிவிட்டது, ரீடுதான். டீட்யூன் பிரெஞ்சில் இல்லை, ஸ்காட்டிஷில் இருந்தது, நெல்லைக்குப் பந்தயப் பணம் கிடையாது. கிளாசிக்குக்கு மாற்றினேன். பேஸ் ரிவெர்ப் சென்டைப் பார்த்தால் ட்ரெபிளைவிட (வலது கைப் பக்கம்) அதிகமாக வைத்திருக்கிறார் எனக்கு விற்ற புண்ணியவான். அதைப் பூஜ்யம் செய்து, ஹாலை ரூம் ஆக்கியவுடனே பாதிக் கிணறு தூர்ந்துவிட்டது. மிக்ஸரில் என் சேனலின் எக்கோவை மூடச் சொன்னதற்குச் சவுண்டுக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு அவரே முன்வரிசையில் போய் நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார்.

ஹெவி கர்வுதான் இன்னும் கைக்குப் பழகவில்லை, இரண்டாவது பாட்டிலேயே இடது தோள் வலிக்கத் தொடங்கியது, ஸ்டாண்டர்டில் வைத்து ஓட்டினேன். லாசப்பல் அண்ணே, அந்த வால்ஸ் செட்டைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், ரைட் கொடுத்து, அணைத்து, திரும்பப் போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இருக்கிறது.