‘ட்ராஃபி’ மான்: ‘தகைமான்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்க வில் வேட்டையைப் பற்றிய கட்டுரைகளில் வரும் ‘ட்ராஃபி’ (trophy) மானுக்கு, அதாவது வீழ்த்தியவர் பெருமையாகக் கருதும் மானுக்கு, தமிழில் ‘கோப்பை மான்’, ‘வெற்றிச்சின்ன மான்’, ‘பெருங்கொம்பு மான்’ என்று மூன்று சொற்கள் நம்மிடையே முன்வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டும் விளையாட்டுப் போட்டிக்கு உரியவை, விட்டுவிடலாம். மூன்றாவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கொம்பளவுக்குத் தனிக் கணக்கே இருக்கிறது. வில் வேட்டைப் பதிவுகளைப் பேணும் அமெரிக்க அமைப்பு, 1961இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப். அது வில்லால் வீழ்த்திய வெண்வால் மானின் இயல்பான வடிவக் கொம்பு 125 அங்குலமாவது தேறினால்தான் பதிவேட்டில் சேர்க்கிறது. கொம்பை 60 நாள் உலரவிட்டு, தண்டு, கிளைகள், சுற்றளவு, உள் அகலம் ஆகியவற்றை அளந்து கூட்டி, இருபக்கமும் ஒவ்வாத அளவைக் கழிப்பார்கள். இப்படிப் பதிவேறும் கொம்பைக் குறிக்கப் ‘பதிவுக்கொம்பு’ என்ற சொல் போதும். தப்ப வழியில்லாத வேலிக்குள் கொன்ற மானுக்கு எவ்வளவு பெரிய கொம்பு இருந்தாலும் அங்கே இடமில்லை. ‘பெருங்கொம்பு மான்’ என்ற சொல் இங்கேயே தோற்றுவிடுகிறது.

தேர்ந்த வில் வேட்டையாளர் பலர் முதலில் பார்ப்பது வயதை. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. அதன் வளர்ச்சி வயதோடு தீவனத்தையும் மரபையும் பொறுத்தது. வளமில்லாத மண்ணில் ஐந்து வயது ஆண்மான்கூட 125ஐ எட்டாமல் போகலாம். ஆனால் பல வேட்டைப் பருவங்களில் உயிர்தப்பிய அந்த மான் பகலில் வெளிப்படுவது அரிது. காற்றில் மனித வாடை பட்டாலே விலகிவிடும். அம்பு எய்ய அது இருபது முப்பது கஜத்துக்குள் வர வேண்டும். அவ்வளவு அருகில் நாணை இழுக்கும் அசைவே காட்டிக் கொடுத்துவிடும். துப்பாக்கி ஏந்தியவருக்கு இந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை. வில் வேட்டையில் மானின் மதிப்பே இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது என்பேன்.

வயதைச் சுட்ட ‘முதிர்கலை’ எனலாம். கலை ஆண்மானுக்கு அருமையான பழஞ்சொல். ஆனால் இன்றைய வாசகர் அதை ‘முதுகலை’ என்றே படிப்பார். மேலும், முதன்முதலாக வில்லேந்தியவருக்கு ஒரு பிணைமான்கூடப் பெருமைக்குரியதுதான்.

ஆகவே ‘தகைமான்’ என்று முன்மொழிகிறேன். தகை என்றால் தகுதி, பெருமை. கொம்பு, வயது, அரிய முயற்சி மூன்றுக்கும் அதில் இடமுண்டு. ‘தகைமான் வேட்டை’, ‘தகைமான் தேர்வு’ என்று சொற்றொடர்களும் இயல்பாக அமைகின்றன.

மாட்டுக்கொம்பிலிருந்து பிரித்துக் காட்ட, ஆண்டுதோறும் உதிரும் மான்கொம்பை ‘உதிர்கொம்பு’ என்று குறிப்பதையும் இத்துடன் முடிவு செய்துவிடலாமா?