சொந்தமாக இழைப்புளி செய்வது மரவேலைப் பாடமா, நேரவிரயமா?

மரச்சுருள்:
மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, பலகையைச் சீவி வழவழப்பாக்கும் மர இழைப்புளி ஒன்றைச் செய்து முடித்தேன். 24 செ.மீ. நீளம், பிளேடு 45 டிகிரி சாய்வில். கட்டையின் இரு பக்கத்திலும் ஒரு பலகையை அறுத்தெடுத்து, நடுத்துண்டைச் சாய்வாக வெட்டி, எல்லாவற்றையும் மறுபடி பசை போட்டுச் சேர்க்கும் முறை. மரச்சாமான் கலைஞர் ஜேம்ஸ் கிரெனோவ் பரவலாக்கியது. பிளேடு எட்டிப்பார்க்கும் வாயை உளி வைத்துக் குடையும் அளவுக்குக் கை பழகாதவர்களுக்கு இது பெரிய உதவி. மரவேலை பழக வருகிறவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கூர்விளிம்பு:
மறுக்கிறேன் நண்பரே. புதிதாக வருகிறவர் முதலில் கற்க வேண்டியது சாணை பிடிப்பது. அது கைவராமல் இழைப்புளி செய்தால், சீவாதபோது குற்றம் பிளேடிலா, அதை இறுக்கும் ஆப்பிலா, வாயிலா, அடிப்பரப்பிலா என்று தெரியவே தெரியாது. அதோடு, கட்டை நேராகவும் மூலைமட்டத்துக்குச் சரியாகவும் இருந்தால்தான் பசை ஒட்டும். அப்படி ஒரு கட்டையைத் தயார் செய்யவே ஒரு நல்ல இழைப்புளி வேண்டுமே!

இரும்பு இழைப்புளிகளை வடிவமைத்த லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை அமெரிக்கக் கருவி நிறுவனமான ஸ்டான்லி 1869இல் வாங்கியது. திருகைச் சுற்றினால் பிளேடு இறங்குகிற அந்த அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான இரும்பு இழைப்புளிகளில் இருக்கிறது. பழையது ஒன்றை வாங்கித் துருவைத் தேய்த்து, பிளேடைத் தீட்டி, வேலையைத் தொடங்கலாம்.

மரச்சுருள்:
கட்டை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். நானும் இரவல் இழைப்புளியில்தான் அதை நேராக்கினேன். ஆனால் எது குற்றம் என்று தேடுவதுதான் பாடம் என்கிறேன்.

என்னுடையது முதல் நாள் இரண்டே இழுப்பில் அடைத்துக்கொண்டது. வாய் சின்னது என்று நினைத்து அரத்தை எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்குள் பிளேடைக் கழற்றி, அதன் மேல் பொருத்தும் மேல்தகட்டோடு (சுருளை மடக்கிவிடும் தகடு) சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு வெளிச்சம். சுருள் அந்த இடுக்கில் நுழைந்து மடிந்து, பின்னால் வந்ததையெல்லாம் மறித்திருக்கிறது. மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்து வெளிச்சத்தை மறைத்தேன், அவ்வளவுதான். வாயை நான் தொடவே இல்லை. கடையில் வாங்கியதாக இருந்தால் 'கருவி சரியில்லை' என்று ஓரம் கட்டியிருப்பேன்.

கூர்விளிம்பு:
அதே வெளிச்சச் சோதனையைப் பழைய இரும்பிலும் செய்யலாமே. அதற்கு மூன்று வார இறுதி எதற்கு?

புதுக்கை:
அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே முறையில் ஒன்று செய்தேன். போன மாதம் அருமையாகச் சீவியது. இப்போது பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பிளேடை இறக்கினால் திடீரென்று தடிமனாகக் கடிக்கிறது. பிளேடு கூராகத்தான் இருக்கிறது.

கூர்விளிம்பு:
தம்பி, அடிப்பரப்பில் வாய் இருக்கும் இடம் உள்வாங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் மரம் அசையும். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

மரச்சுருள்:
காரணம் அதுவாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். பிளேடை உள்ளே தள்ளிவிட்டு, ஆப்பை வேலைக்கு இறுக்குவது போலவே இறுக்குங்கள். ஆப்பின் அழுத்தத்தில் கட்டையே கொஞ்சம் வளையும், அதனால் கழற்றி வைத்துத் தேய்த்தால் பயனில்லை. அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்துப் பாருங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம். முன் நுனி, வாய்க்கு நேர் முன்னால், பின் நுனி, இந்த மூன்று இடமும் அழிந்தால் போதும்.

கூர்விளிம்பு:
முறை சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாய் மேல்நோக்கி விரிகிற வடிவம். அடியைத் தேய்க்கத் தேய்க்க வாய் அகலமாகும். பத்து முறை இப்படிச் செய்தால், நார் ஓடும் திசைக்கு எதிராகச் சீவும்போது மரம் பிய்ந்து வர ஆரம்பிக்கும்.

மரச்சுருள்:
உண்மைதான். அப்போது வாய்க்கு முன்னால் கெட்டியான மரத்தில் ஒரு சிறு துண்டைப் பதித்து மறுபடி குறுக்கலாம். அது வரைக்கும் மேல்தகட்டைப் பிளேடின் கூரான விளிம்புக்கு மிக நெருக்கமாக, கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்தால் பிய்வதை அதுவே தடுக்கும். வாய் அகலம் அவ்வளவு முக்கியமில்லாமல் போய்விடும்.

கூர்விளிம்பு:
மேல்தகடு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். இரும்பிலும் அதுதான் வழி, பலர் அதைச் செய்வதில்லை. ஆனால் முதல் கருவி இரும்பு, இரண்டாவது வேண்டுமானால் சொந்தமாகச் செய்தது என்பதில் மாற்றமில்லை. பிளேடையும் வீட்டிலேயே பதம் வைக்கிறேன் என்று தயவுசெய்து தொடக்கத்தில் யாரும் இறங்காதீர்கள். காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி எண்ணெயில் முக்கினால் மட்டும் போதாது. மறுபடி 200 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் வரச் சூடாக்காவிட்டால் விளிம்பு சில்லு சில்லாக உதிரும்.

புதுக்கை:
தேய்த்துவிட்டேன் அண்ணா. வாய்க்கு முன்னால்தான் கோடு கடைசி வரை அழியாமல் நின்றது. இப்போது பலகையின் முழு நீளத்துக்கும் சுருள் அறாமல் வருகிறது. வாய் லேசாக அகன்றதும் உண்மைதான். அடுத்து மேல்தகட்டை நெருக்கி வைத்து, முடிச்சு உள்ள ஒரு பலகையில் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.